கேப்டன் வீட்டுக்கு எழுதுகிறார்

ஏட்டையா கையெழுத்தப் பத்தி ஒண்ணு சொல்லலாமா மேடம், தப்பா நினைக்கப்படாது. கோழி கிண்டுன மாதிரி இருக்கு. நான் தென்காசியில ரொம்ப காலம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குக் கையெழுத்து கிளாஸ் எடுத்தவன், அதான் கண்ணு அங்கனயே போகுது. வேணும்னா நான் சொல்லச் சொல்ல நானே எழுதித் தாரேன், கோர்ட்டுல வாசிக்கிறவங்களுக்கும் சிரமம் இருக்காது. வேண்டாமா, சரி. அவரே எழுதட்டும். நான் மெதுவா சொல்லுதேன்.

என் பேரு ஜெபசிங். மாஸ்டர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஏன் செஞ்சீருன்னு நீங்க கேட்டிய. என்ன வேலை பாத்தேன்னு முதல்ல சொன்னாத்தான் ஏன் செஞ்சேங்கிறது வெளங்கும். இல்லாட்டா நான் ஏதோ கொடூரமான ஆளு மாதிரித் தெரியும்.

கொரோனாவுக்குப் பொறவு கிளாஸ் படுத்துப் போச்சு. அப்பதான் ரிஃபாத்னு ஒரு தென்காசிப் பையன், துபாய்ல இருக்கான், ஐந்தருவி ரோட்டுல ஒரு பழைய பங்களாவ வாங்கி வெள்ளையடிச்சு 'கம்பெனி பங்களா'ன்னு போர்டு மாட்டினான். கும்பினிக்காரன் காலத்துல இந்தப் பக்கம் கிராம்பு, ஜாதிக்கா தோட்டம் போட வெள்ளைக்காரங்க வந்தாங்க இல்லையா, அந்த மாதிரி ஒருத்தனா ரெண்டு நாள் இருந்து பாருங்கங்கிறதுதான் ஏவாரம். கேப்டன் டக்ளஸ்னு ஒரு ஆள ரிஃபாத்தே இட்டுக்கட்டினான். அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல. ஆனா ஹால்ல அவன் படம் மாட்டியிருக்கும், வாறவனெல்லாம் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பான்.

வந்து எறங்கினதும் செல்போன வாங்கி ஒரு மரப்பெட்டியில வச்சுப் பூட்டிருவோம். அதுக்குச் சம்மதிச்சாத்தான் ரூம். அந்த நிம்மதிக்குன்னே வாறவங்க நிறைய உண்டு. பொறவு தலைக்கு ஒரு தொப்பி, கட்டிலுக்குக் கொசுவலை. சமையலுக்கு இலத்தூர்லேர்ந்து பேச்சித்தாய்னு ஒரு அம்மா வரும். அது வைக்கிற மிளகு ரசத்தப் பீங்கான் கோப்பையில ஊத்தி 'கேப்டன் சூப்'னு குடுப்போம். மெட்ராஸ்காரன் உறிஞ்சிக் குடிச்சிட்டு ஆகா ஓகோம்பான். பேச்சித்தாய் அடுப்படியில நின்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்.

எனக்கு முன்ஷி வேலை, கேப்டனுக்கு எழுத்து வேலை பாக்குற ஆளு. தலைப்பாகை கட்டிக்கிட்டு, மை தொட்டு எழுதுற பேனாவோட உக்காந்திருப்பேன். சாயங்காலம் விருந்தாளி சாய்வு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, தான் இந்த நாட்டுல வந்து குடியேறின வெள்ளைக்காரன்னு நினைச்சு, சீமையில இருக்கிற வீட்டுக்குக் கடிதாசி சொல்லணும். நான் எழுதணும். விருந்தாளி பேரு, பங்களா விலாசம், போன் நம்பரோட இது கேப்டன் விளையாட்டு, எழுதினது முன்ஷின்னு ஒரு அச்சடிச்ச சீட்டும் உள்ள வச்சு, அரக்கு வச்சு ஒட்டி, அவங்க குடுக்கிற நெசமான விலாசத்துக்கு மறுநாள் குற்றாலம் போஸ்ட் ஆபீஸ்ல சேத்துருவேன். அவங்க ஊருக்குத் திரும்புன பொறவு அது வீட்டுக்கு வரும், புள்ளைங்க சந்தோசப்படும். இது ஒண்ணு. இன்னொண்ணு, மறுநாள் காலையில இட்லி சாப்பிடும்போது 'சீமையிலேர்ந்து மறுமொழி வந்திருக்கு'ன்னு சொல்லி நான் ஒரு கடிதாசி வாசிப்பேன். ராத்திரியே நான் எழுதி வச்சதுதான். கேப்டனுக்காக எழுதுறதும் நான், கேப்டன் வீட்டுக்காரங்களுக்காக எழுதுறதும் நான். சம்பளமே அதுக்குத்தான் மேடம். இத ஏட்டையா விடாம எழுதிக்கிடணும்.

அந்தக் கடிதாசிகள நீங்க பாக்கணும். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன், வரும்போது ஆட்டோக்காரர்கிட்ட பத்து ரூவாய்க்குச் சண்டை போட்டுட்டு வந்தவன், 'அம்மா, இங்குள்ள ஜனங்கள் என்னைத் தகப்பனைப் போல் மதிக்கிறார்கள்'ன்னு எழுதச் சொன்னான். தொப்பி தலையில ஏறினா எல்லாருக்கும் அப்படித்தான் வருது. நான் இன்னொருத்தன் இடத்துல உக்காந்திருக்கேன்னு ஒருத்தன்கூட எழுதச் சொன்னதில்ல. எல்லாரும் நல்லது பண்ண வந்தவங்க. நான் இல்லாட்டா இந்தச் சனங்க என்ன ஆகும்னு கவலைப்படுறவங்க. எழுத எழுத எனக்கு ஒண்ணு வெளங்கிச்சு. அந்தக் காலத்துல கடிதாசி கப்பலேறிப் போய்ச் சேர மாசக்கணக்குல ஆகும், மறுமொழி வர இன்னும் மாசக்கணக்கு. அது வரைக்கும் இங்கன என்ன நடக்குதுன்னு கேப்டன் சொன்னாத்தான் உண்டு. சனங்க சந்தோசமா இருக்காங்கன்னு அவன் எழுதிட்டா, சந்தோசமாத்தான் இருக்காங்க. யாரு கப்பலேறி வந்து பாக்கப் போறா.

எனக்குக் கடிதாசி எழுத ஆள் கிடையாது. ஷெர்லின்னு எனக்கு ஒரு பொஞ்சாதி இருந்தா. மார்த்தாண்டத்துல அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு போனவதான், வரல. போகும்போது ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கல. புள்ளையும் இல்ல. சீசன்ல பங்களா நெறைஞ்சு கிடக்கும், ஆனா ரெண்டு நாளைக்கு மேல எந்த முகமும் தங்காது. எல்லாரும் போன பொறவு கேப்டனுக்கு அவன் பொஞ்சாதி எழுதின மறுமொழிய எடுத்துத் திரும்ப வாசிப்பேன். 'நீங்கள் சாப்பிட்டீர்களா, மழையில் நனையாதீர்கள்'னு இருக்கும். நான் எழுதினதுதான். ஆனாலும் 'சாப்பிட்டேன்'னு வாய்விட்டுப் பதில் சொல்லுவேன். வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லுதேன்.

சங்கரநாராயணன் அண்ணாச்சி வந்தது ஆடி மாசம், நல்ல சாரல். தூத்துக்குடி துறைமுகத்துல கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டையரானவரு. பொஞ்சாதி தவறிட்டாங்க, வீட்டுல தனி ஆளு. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து, ஒரு கண்ணு ரொம்ப முத்திப் போச்சு. ஆளு நிக்குறது தெரியும், முகம் தெரியாது. எழுத்துங்கிறது சுத்தமா தெரியாது. எண்ணெய் தேச்சு அருவியில நின்னா உடம்பு வலி போகும்னு யாரோ சொல்லி வந்திருக்காரு. செல்போனக் கேட்டேன். "எடுத்துக்கிடும் வே. அது அடிக்கிறதே இல்ல"ன்னு நீட்டினாரு. அந்த நிமிசமே எனக்கு அவரப் புடிச்சுப் போச்சு.

கடிதாசி விளையாட்டெல்லாம் நமக்கெதுக்கு வேன்னு முதல்ல சிரிச்சாரு. தொப்பிய வச்சுவிட்டேன். நாற்காலியில சாஞ்சாரு. பொறவு குரலே மாறிப்போச்சு. அவரு சொன்னத அப்படியே சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். 'அன்பு மகள் மார்கரெட்டுக்கு. கப்பலேறும் முன் நான் சொன்ன வார்த்தை தப்பு. உன் வீட்டுச் சோறு எனக்குக் கேவலம் என்றேன். இந்த ஊரில் மழை பெய்கிறது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நீ கூப்பிட்டால் வருவேன்.'

விலாசம் கேட்டேன். மதுரை, முத்துசெல்வின்னாரு. ஒரே மக. பொஞ்சாதி பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு, 'எங்ககூட வந்துருங்கப்பா'ன்னு அந்தப் புள்ள கூப்பிட்டிருக்கு. மருமகன் வீட்டுல போயி உக்காந்து திங்க நான் என்ன நாதியத்தவனான்னு சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால இவரு கத்தியிருக்காரு. அதுக்குப் பொறவு அது ஒரு தடவ தூத்துக்குடிக்கு வந்தப்ப கதவத் தெறக்கல. அதோட பேச்சு வார்த்தை இல்ல. போன் போட்டு 'தப்பு பண்ணிட்டேன் தாயி'ன்னு சொல்ல இவருக்கு வாய் வராது. அந்த வீட்டுல யாருக்கும் நேருக்கு நேரா மனசுல உள்ளதச் சொல்லிப் பழக்கமில்ல. வெள்ளைக்காரன் தொப்பிய வச்சாத்தான் வந்திருக்கு.

அந்தக் கடிதாசிய நான் போஸ்ட் பண்ணினேன் மேடம். நேர்மையா, மறுநாளே. அத நீங்க மறந்திரக் கூடாது.

காலையில நான் வாசிக்கிற இட்டுக்கட்டின மறுமொழி வேண்டாம்னுட்டு, மகளோட நெசமான மறுமொழிக்காக அண்ணாச்சி ரூம நீட்டிச்சுக்கிட்டே போனாரு. அந்த நாளுலதான் நாங்க ஒட்டிக்கிட்டது. காலையில கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு ஐந்தருவிக்குப் போவேன். எண்ணெய் தேய்க்கிறவங்க தட்டுற தட்டுல 'ஆளக் கொல்லப் பாக்கியளா'ன்னு சிரிப்பாரு. வரும்போது நான் பேப்பர்ல படிச்சதச் சொல்லுவேன், அவரு துறைமுகத்துல பாத்த கப்பலப் பத்திச் சொல்லுவாரு. ஒரு மனுசன் கை என் கைக்குள்ள இருந்து எத்தனையோ வருசம் ஆச்சு. நான் ரூமுக்குள்ள நுழையும் முன்னாலயே செருப்புச் சத்தத்த வச்சு "வாரும் மாஸ்டர்"ம்பாரு. என் செருப்புச் சத்தத்த அதுக்கு முன்னால யாரும் கவனிச்சதில்ல.

மறுமொழி வந்துச்சு. தபால்காரர் கையிலேர்ந்து நான்தான் வாங்கினேன். அண்ணாச்சிக்கு நான்தான் வாசிக்கணும்கிறதால நானே பிரிச்சேன், அதுல தப்பில்ல. அந்தப் புள்ளயும் விளையாட்டுக்குள்ளயே நின்னு எழுதியிருந்தது. 'அன்புள்ள கேப்டன் அப்பா, கப்பல் தயாராக இருக்கிறது. உங்கள் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். இங்கே கண் டாக்டரிடம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று. நாங்கள் காரில் வந்து கூட்டிக்கொள்ளட்டுமா? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். மார்கரெட்.' கீழே பேரப் புள்ள ஒரு கப்பல் படம் வரைஞ்சிருந்தது.

நல்ல கையெழுத்து. அழுத்தமில்லாம, வரி சாயாம. நான் தென்னந்தோப்புல நின்னு ரொம்ப நேரம் அதப் பாத்துக்கிட்டு இருந்தேன். சந்தோசமா இருந்தது, அதுவும் நெசம். பொறவு இனி காலையில யாரு கையப் புடிச்சு நடக்கப் போறோம்னு ஒரு யோசனை வந்தது. கண்ணு தெரிஞ்சிட்டா அவருக்கு வாசிக்க ஆளு எதுக்கு, நடக்க ஆளு எதுக்கு.

சாப்பாட்டு மேசையில வாசிச்சேன். 'அன்புள்ள கேப்டன் அப்பா, கடிதம் கிடைத்தது. இப்போது கப்பல் எதுவும் இல்லை. வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது. நீங்கள் அங்கேயே இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதுகிறேன்.' முரட்டு வார்த்தை ஒண்ணுகூடச் சேக்கல, நீங்க கவனிக்கணும். அண்ணாச்சி கரண்டியக் கீழ வச்சாரு. "சரி, அது நியாயம்தான. நான் சொன்ன சொல்லுக்கு இவ்வளவாவது எழுதியிருக்காளே"ன்னாரு. கப்பல் படத்த நான் என் பெட்டியில வச்சுக்கிட்டேன். அது இப்ப உங்ககிட்டதான் இருக்கு.

அதுக்குப் பொறவு அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு எழுத வேண்டியதாப் போச்சு. அண்ணாச்சி வேற ஒண்ணு சொன்னாரு, 'மராமத்து முடிந்ததும் சொல்லு தாயே, காத்திருக்கிறேன்'ன்னு. அத அப்படியே எழுதினா குழப்பம் வரும். அதனால நானா எழுதினேன். 'மகளே, நீ கூப்பிட்டதே போதும். இப்போது வராதே. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்லாமல் வந்தால் இங்கிருந்தும் போய்விடுவேன். கடிதம் மட்டும் எழுது.' அந்தப் புள்ள நம்பிருச்சு. கதவத் தெறக்காத மனுசன் இல்லையா, அவரு வேற எப்படி எழுதுவாரு. கையெழுத்து முன்ஷியோடதுன்னு அதுக்கு முன்னமே தெரியும். சீசனுக்கு நடுவுல ஒரு தடவ பங்களா நம்பருக்குப் போன் போட்டது. ஐயா அருவிக்குப் போயிருக்காரும்மா, போன்ல பேச வேண்டாம்னு நெனைக்காரு, கடிதாசின்னா சந்தோசப்படுதாருன்னேன். நல்லா இருக்காரான்னு கேட்டு அழுதது. நல்லா இருக்காரும்மான்னேன். அப்ப நல்லாத்தான் இருந்தாரு.

ஆவணி முடிஞ்சு சாரல் நின்னதும் ரிஃபாத் பங்களாவ மூடிட்டு என்ன மட்டும் காவலுக்கு இருக்கச் சொல்லிட்டான். பேச்சித்தாய அடுத்த சீசனுக்கு வரச் சொல்லி அனுப்பியாச்சு. விருந்தாளி எல்லாரும் போயாச்சுன்னு ரிஃபாத்துக்குச் சொன்னேன். அண்ணாச்சி விருந்தாளி இல்லையே. அவர நான் என் ஆளா வச்சுக்கிட்டேன், அவர்கிட்ட ஒத்தப் பைசா வாங்கல. நானே பொங்கிப் போட்டேன், துணி தொவைச்சேன், நகம் வெட்டிவிட்டேன். பெத்த புள்ள பாக்காத அளவுக்குப் பாத்தேன்னு நான் சொன்னா நீங்க கோவப்படுவிய. ஆனா கேட்டுப் பாருங்க, எத்தன வீட்டுல பாக்காங்க.

போகும்போது பேச்சித்தாய் ஒண்ணு சொன்னது. "அண்ணாச்சி கண்ணு நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே வருதே மாஸ்டர், தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போகப்படாதா"ன்னு கேட்டது. மக வந்து கூட்டிட்டுப் போகுதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு நிம்மதி. எல்லாருக்கும் ஒரு பதில்தான் வேணும் மேடம், நல்ல பதிலா இருந்தா அதுக்கு மேல யாரும் தோண்டுறதில்ல.

மதுரையிலேர்ந்து கடிதாசி வந்துக்கிட்டே இருந்தது. ஆபரேஷன் தேதிய மாத்தி மாத்தி வாங்கி எழுதுச்சு. நான் அண்ணாச்சிக்கு வாசிக்கும்போது ஆபரேஷன விட்டுட்டு மத்தத வாசிப்பேன். பேரனுக்குப் பல்லு விழுந்தது, எதித்த வீட்டுல கல்யாணம், மருமகனுக்குச் சம்பள உயர்வு. அதெல்லாம் நெசம், ஒரு வார்த்தை மாத்தல. அண்ணாச்சி திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுவாரு. கடைசியில எப்பவும், "வரச் சொல்லி ஏதும் போட்டிருக்காளா வே"ன்னு கேப்பாரு. இல்ல அண்ணாச்சிம்பேன். சரி, அடுத்ததுல போடுவாம்பாரு. ஒரு நாள்கூட அவளக் கொறை சொன்னதில்ல. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்தது. அவளத் திட்டியிருந்தா நாங்க ரெண்டு பேரும் இன்னும் நெருங்கியிருப்போம்.

ஐப்பசியில மழை புடிச்ச பொறவு அவருக்குக் கண்ணுல வலி கண்டது. கண்ணு சிவந்து, தலையெல்லாம் இடிச்சு, வாந்தி எடுத்தாரு. மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கி விட்டேன், கேக்கல. ராவெல்லாம் முனங்குவாரு, நான் நெத்தியில ஈரத்துணி போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அதுவரைக்கும் ஆளு நிழலாட்டம் தெரிஞ்சது, அதுவும் போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போகலைன்னு நீங்க கேக்கிய. போனா விலாசம் கேப்பாங்க, சொந்தக்காரங்க யாருன்னு கேப்பாங்க. நான் யாருன்னு சொல்லுறது. அந்த இடத்துல சொல்லுறதுக்கு எனக்கு ஒரு உறவுமுறை இல்ல மேடம்.

கண்ணு அணைஞ்ச பொறவு அண்ணாச்சி மாறிட்டாரு. ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. பையத் தூக்கிக்கிட்டுத் தடவித் தடவி வராந்தாவுக்கு வந்து நின்னாரு. "மாஸ்டர், அவ கூப்பிட வேண்டாம். நானே போயி அவ வாசல்ல நிக்கப் போறேன். கதவ மூடினா மூடட்டும். மதுரை பஸ்ஸுல மட்டும் ஏத்தி விடும்"ன்னாரு. பெட்டியிலேர்ந்து போன எடுக்கச் சொன்னாரு. போன் செத்துப் போச்சுன்னேன். மழை விடட்டும்னேன். நாளைக்குப் போலாம்னேன். நான் வருத்தமா சொன்னேன், கோவமா சொல்லல. "இல்ல வே, நீரு எனக்கு நிறையச் செஞ்சிட்டீரு. இனி எம் மக பாடு"ன்னாரு. அந்தச் சொல்லு எனக்குத் தாங்கல. இத்தன மாசம் கையில வச்சுப் பாத்த மனுசன் எனக்குக் கணக்கு முடிச்சு அனுப்புதாரு.

சரி போங்கன்னேன். நான் ஒரு கடிதாசிய முடிச்சிட்டு வந்து ரோட்டுல சேந்துக்கிடுதேன்னேன். முன்பக்கம் எல்லாம் தண்ணி கட்டிக் கிடக்கு அண்ணாச்சி, பின்பக்கத் தோப்பு வழியா நேராப் போங்க, அது ரோட்டுல கொண்டு விட்டுரும்னு சொன்னேன். தோப்பு வழியில ஓடை மேல ஒரு கல்பாலம் உண்டு. அருவியில வெள்ளம் வந்தா பாலம் முங்கிரும். அன்னைக்கு முங்கித்தான் கிடந்தது, காலையிலேயே பாத்திருந்தேன். தெரியாம சொல்லிட்டேன்னு எழுத வேண்டாம் ஏட்டையா. தெரிஞ்சுதான் சொன்னேன். நனைஞ்சு பயந்து திரும்பி என்கிட்டயே வந்துருவாருன்னு நெனைச்சேன்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம் வச்சிருந்தேன். அதையும் வேணும்னா எழுதிக்கிடுங்க, ஆனா அது முழுசும் நெசமில்ல.

கம்ப ஊணிக்கிட்டு எறங்கிப் போனாரு. நான் வராந்தாவுல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேன். மதுரைக்குத்தான், அவருக்காகத்தான் எழுதிக்கிட்டு இருந்தேன். தோப்புக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வந்தது. முதல்ல "மாஸ்டர்"ன்னாரு. எந்திரிச்சேன். பொறவு "செல்வி"ன்னாரு. உக்காந்துட்டேன்.

மழை விட்டதும் போயிப் பாத்தேன். ஓடைக்கரை மருதமரத்து வேருல மாட்டிக் கிடந்தாரு. ஜாதிக்கா மரத்துக்குக் கீழ அடக்கம் பண்ணினேன், நீங்க தோண்டின இடம்தான். அவங்க சாதியில எரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும், தனி ஆளா அந்த மழையில எப்படி எரிக்க முடியும். நெத்தி நெறைய திருநீறு பூசிவிட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஜெபத்தையும் சொன்னேன். ரெண்டுல எது போய்ச் சேந்ததோ. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, பாதியில நின்ன கடிதாசிய முடிச்சேன். 'இங்கே நல்ல மழை. ஓடையில் வெள்ளம். நான் சௌக்கியம்'னு முடிச்சிருந்தேன்.

அதுக்குப் பொறவும் எழுதினேன், ஆமா. அத நீங்க பெரிய குத்தமா கேக்கிய. எழுதாம நிறுத்தியிருந்தா அந்தப் புள்ள என்ன பாடுபட்டிருக்கும். கார்த்திகையில எழுதினேன், மார்கழியில எழுதினேன். கேப்டனையும் மார்கரெட்டையும் விட்டுட்டேன். 'செல்வி, உன்னை நினைக்காத நாள் இல்லை. கத்தரிக்காய் பொரித்தால் உன் ஞாபகம் வருகிறது. சின்னப் பிள்ளையில் உனக்குத் தலை பின்னத் தெரியாமல் கோணலாகப் பின்னிவிட்டேன், நினைவிருக்கிறதா'ன்னு எழுதினேன். அதெல்லாம் அண்ணாச்சி என்கிட்ட சொன்னதுதான், ஆனா அவரு வாயால அவகிட்ட எந்தக் காலத்துலயும் சொல்லியிருக்க மாட்டாரு. அந்தப் புள்ள எழுதுச்சு, 'அப்பா, நீங்கள் இப்படி எல்லாம் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு வருஷம் எங்கே இருந்தீர்கள்?'ன்னு. அத வாசிச்சிட்டு நான் அழுதேன் மேடம். இவ்வளவு வருசம் எங்க இருந்தியன்னு என்ன யாரும் கேட்டதில்ல.

எப்பவும்போல அவரு ரூம்லதான் சத்தமா வாசிப்பேன். நாற்காலி இருக்கும். கடைசியில 'வரச் சொல்லி ஏதும் போட்டிருக்காளா வே'ன்னு கேக்க ஆளில்ல. ஆனா இப்ப வரச் சொல்லி இல்ல, வாறேன்னே போட்டிருந்தது. 'அப்பா, நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. தை பிறந்ததும் வருகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இனி முடியாது.' அப்பவே நான் ஓடியிருக்கலாம்தானன்னு உங்க எஸ்.ஐ. கேட்டாரு. புளியறை தாண்டிட்டா கேரளா, எவன் தேடி வரப் போறான்னாரு. அந்த நெனைப்பே எனக்கு வரல. யோசிச்சுப் பாருங்க. அவ யாரப் பாக்க வருதா. கதவச் சாத்தின மனுசனையா. அவளுக்கு அத்தனையும் எழுதினது யாரு. தலை பின்னின கதைய எழுதினது யாரு, சாப்பிட்டியாம்மான்னு கேட்டது யாரு. அவளுக்குப் புடிச்ச அப்பா அந்தக் கடிதாசியில இருக்கிறவருதான.

வீட்ட ஒட்டடை அடிச்சேன். கொசுவலைய தொவைச்சுக் காயப் போட்டேன். அவளுக்குச் சொதின்னா உசுருன்னு அண்ணாச்சி சொல்லியிருந்தாரு. தென்காசிக்குப் போயி முருங்கக்கா, பாசிப்பருப்பு எல்லாம் வாங்கி, தேங்கா மூணு பாலும் பிழிஞ்சு நானே வச்சேன், இஞ்சித் தொவையலும் அரைச்சேன். பேரனுக்கு ஒரு பொம்மைக் கப்பல் வாங்கி வச்சிருந்தேன். சவரம் பண்ணிக்கிட்டேன். தலைப்பாகை கட்டல. வேட்டிதான், சட்டையும் வெள்ளைதான், நல்ல சட்டை.

பதினோரு மணி வாக்குல கார் வந்து நின்னது. அவ மட்டும்தான் முதல்ல எறங்கினா. அண்ணாச்சி ஜாடைதான், அந்த மூக்கும் நடையும். கேட்டத் தெறந்துக்கிட்டே வீட்டப் பாத்து "அப்பா"ன்னு கூப்பிட்டா. எத்தன நாளாக் கடிதாசியில வாசிச்ச சொல்லு, காதுல கேட்டது அதுதான் முதல் தடவ. நான் வராந்தாவுலேர்ந்து எறங்கினேன். "வாம்மா செல்வி. வெயில்ல நிக்காத, உள்ள வா"ன்னேன்.

அவ என்னத் தாண்டிக்கிட்டு உள்ள ஓடினா. ஒவ்வொரு ரூமாக் கதவத் தள்ளித் தள்ளிக் கூப்பிட்டா. சொதி ஆறிப் போயிரும்மா, முதல்ல சாப்பிடுன்னு நான் பின்னாலயே போய்ச் சொன்னேன். அப்புறம்தான் அவ கத்தினதும், மருமகன் வந்து என் சட்டையப் புடிச்சதும், நீங்க வந்ததும். எல்லாத்தையும் ஒப்புக்கிடுதேன், கையெழுத்தும் போடுதேன். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் மேடம். அத்தன கடிதாசி எழுதினவ, ஒரு தடவகூட என் முகத்த நிமிந்து பாக்கல.